பின்சீட்டுக்கு வாய் கிடையாது

"காலை எடுங்க! கிளட்ச்லேர்ந்து காலை எடுங்க!"

"எடுத்துட்டேன் மாஸ்டர்!"

"எடுக்கல!"

"சத்தியமா எடுத்துட்டேன்!"

எஞ்சின் உறுமியது. அந்த உறுமலுக்கு வண்டி இந்த மேட்டைத் தாண்டி அடுத்த மேட்டையும் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அது நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது. பிறகு, என்ன நினைத்துக்கொண்டதோ, மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பயிற்சிக் கார் என்பதால் அவர் உட்காரும் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு, ஆபத்து அவசரத்துக்கு. வண்டி குலுங்கி நின்றது. பானெட் இடுக்கிலிருந்து இழையாகப் புகை வந்தது. கருகல் வாடை மூக்கைத் துளைத்தது.

"போச்சு! கிளட்ச் பிளேட்டையே வறுத்துட்டீங்க!" என்றார் மாஸ்டர்.

பின்சீட்டிலிருந்து ஒரு தொண்டை கனைத்தது. "மாஸ்டர், ஒரு விஷயம்..."

"பின்சீட்டுக்கு வாய் கிடையாது!"

தொண்டை அடங்கியது.

இது மாஸ்டரின் சட்டம். அவருடைய டிரைவிங் பள்ளிக்கு இருப்பது ஒரே கார். ஒருவர் ஓட்டும்போது அடுத்த முறைக்காரர் பின்னால் உட்கார்ந்து காத்திருப்பார். முன்பு ஒரு தடவை பின்சீட்டில் இருந்தவர் ஆர்வக்கோளாறில் "இடது பக்கம், இடது பக்கம்" என்று சொல்ல, முன்சீட்டில் இருந்தவர் அப்படியே திருப்ப, வண்டி ஒரு சலூனுக்குள் மூக்கை நீட்டிவிட்டது. பாதிச் சவரத்தில் இருந்தவர் சோப்பு நுரையோடு தெருவில் ஓடியதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து பின்சீட்டுக்கு வாய் கிடையாது. இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு தையல்காரர். பேசு என்றாலே யோசித்துப் பேசுகிற மனிதர். சட்டம் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது.

மாஸ்டருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பள்ளிச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்: "கிளட்ச்சில் கால் வைத்து ஓட்டாதே!" பத்தொன்பது வருடமாக இதைக் கத்திக் கத்தியே அவர் குரல் கரகரத்துப் போயிருந்தது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'காலை எடு மாஸ்டர்' என்றார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

"நர்ஸம்மா, கிளட்ச்ங்கறது மிதிக்கறதுக்கு. காலை வச்சு இளைப்பாறறதுக்கு இல்ல. அது மேல கால் இருந்தா எஞ்சின் சுத்தும், சக்கரம் சுத்தாது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

நர்ஸம்மாவுக்கு ஞாபகம் இல்லாமலா? தூக்கத்தில்கூட நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய ஆஸ்பத்திரிக்கு நடமாடும் மருத்துவ வண்டி ஒன்று வந்து இரண்டு மாதமாக ஷெட்டில் நிற்கிறது. மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்கு அதை ஓட்டிப் போய் வைத்தியமும் பார்க்கிற ஆள் வேண்டும். நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, "நான் ஓட்டறேன்" என்று கையைத் தூக்கிவிட்டார். இந்த மாதத்துக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வண்டி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். முதல் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பிளாஸ்டிக் கூம்பைச் சாய்த்துவிட்டார். இனி ஒரே ஒரு வாய்ப்பு. இதிலும் தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"போன மாசம் இதே மேட்டுல ஜம்முனு ஏறினேனே மாஸ்டர்!" என்றார் அழாத குறையாக.

"அப்ப காலை எடுத்தீங்க. இப்ப எடுக்கல. இறங்குங்க, நான் காட்டறேன்."

மாஸ்டர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஃபர்ஸ்ட் கியர் போட்டார். வண்டி பூனைக்குட்டி போல மேட்டில் ஏறியது. அதே குளிர், அதே மேடு, அதே வண்டி. நர்ஸம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தீங்களா? காலைப் பொறுத்துதான் எல்லாம்" என்றார் மாஸ்டர்.

தையல்காரர் பின்சீட்டில் வாயைத் திறந்தார். கண்ணாடியில் மாஸ்டரின் பார்வையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

*

மாஸ்டரின் வீடு பள்ளிக்கு மேல்மாடியில். படியேறும்போது தொம் தொம் என்று சத்தம் கேட்டது. குளிர் ஆரம்பித்த அன்றே அவர் மனைவி வாங்கி வந்த பூட்ஸ் அது. மலையேறுகிறவர்கள் போடுகிற ஜாதி. கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டும் என்று இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

"பூட்ஸை வாசல்லயே கழட்டுங்க. படி இடிஞ்சு விழுந்துடப் போவுது."

"இதைப் போட்டா எனக்குக் கால் இருக்கா இல்லையான்னே தெரியல."

"அப்ப குளிர் தெரியலன்னு அர்த்தம். அதுக்குத்தானே வாங்கினது?"

மாஸ்டர் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவர் ஜெயித்த வாக்குவாதங்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம், அதிலும் நாலு விரல் மிச்சமிருக்கும்.

மறுநாள் அதிகாலை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "நர்ஸம்மா, ஷூவைக் கழட்டுங்க. வெறுங்காலோட ஓட்டுங்க. பெடல் மேல கால் இருக்கறது உங்களுக்கே தெரியணும்."

"இந்தக் குளிர்லயா?"

"வேற வழியில்ல."

கண்ணாடியில் பனி உறைந்து கிடந்த அந்த விடியலில் நர்ஸம்மா வெறுங்காலை இரும்புப் பெடலில் வைத்தார். "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம். பிறகு மேடு. பிறகு உறுமல், நடுக்கம், பின்னால் உருளல், கருகல்.

"காலை எடுங்க!"

"எடுத்துட்டேன்! இதோ பாருங்க!" நர்ஸம்மா இடது காலைத் தூக்கி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காட்டினார். விரல்கள் விறைத்து வெளுத்திருந்தன.

மாஸ்டர் அந்தக் காலைப் பார்த்தார். எஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. கிளட்ச் பெடல் மேல் யார் காலும் இல்லை. பத்தொன்பது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

"மாஸ்டர், நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றது பின்சீட்டு.

"யோவ், இங்க உயிர் போற பிரச்சினை ஓடிக்கிட்டிருக்கு!"

நர்ஸம்மா நாலு தும்மல் தும்மினார். அன்றிலிருந்து அவருக்கு ஜலதோஷம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளே அவருக்கு மாத்திரை சொல்ல ஆரம்பித்தார்கள்.

*

மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் 'காது' என்றே கூப்பிடுவார்கள். நீள ஸ்குரு டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வியாதியைச் சொல்லிவிடுவார். வண்டிக்காரன் பொய் சொல்லுவான், வண்டி பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை.

புதன்கிழமை காலை மேட்டுக்கே வந்து, வெகுநேரம் காதை வைத்துக் கேட்டார்.

"எஞ்சின் பேசறது சுத்தமா இருக்கு மாஸ்டர். வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டறவங்க கால்தான்."

"பாத்தீங்களா!" என்று மாஸ்டர் நர்ஸம்மா பக்கம் திரும்பினார்.

நர்ஸம்மாவுக்கு மூக்கும் ஒழுகியது, கோபமும் வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்படீன்னா நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

காது சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார். ஃபர்ஸ்ட் கியர். ஆக்சிலேட்டர். உறுமல்.

வண்டி நகரவில்லை.

காதின் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்துவிட்டது. இன்னும் மிதித்தார். புகை வந்தது. வண்டி பின்னால் உருண்டது. இருபது வருடமாக வண்டிகளோடு பேசிய மனிதர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர்... எனக்கே ஸ்லிப் ஆகுது."

"அப்ப எனக்கு மட்டும் எப்படி ஏறுது?"

"உங்க கால் ராசி."

"பழக்கம்" என்றார் மாஸ்டர் அடக்கமாக. "பத்தொன்பது வருஷம் இல்லையா?"

நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்ஸ்பெக்டர்கிட்ட மாஸ்டரோட காலைக் கழட்டி நான் மாட்டிக்கிட்டுப் போகவா?" என்று கேட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடினார். தையல்காரர் அவர் பின்னால் பத்தடி போனார். அவருடைய நடைக்கும் நர்ஸம்மாவின் ஓட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

காது அன்றைக்கே கியர்பாக்ஸை இறக்கினார். கிளட்ச் பிளேட் கருகிப்போயிருந்தது. அது கருகாமல் என்ன செய்யும்? புதுப் பிளேட் மாட்டினார். தனியாக ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினார். அம்பு மாதிரிப் போனது. "இனிமே புகார் வந்தா காதை அறுத்துக்கறேன்" என்று சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை உறுமல், நடுக்கம், கருகல். எல்லாம் வரிசை மாறாமல் வந்தது.

மாஸ்டர் போனில் சொன்னபோது மறுமுனையில் சத்தமே இல்லை. காதுக்குக் காது கேட்கவில்லையோ என்று மாஸ்டர் மூன்று தடவை "ஹலோ" சொல்ல வேண்டியிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவுக்கு விடுமுறை. மத்தியானம் வரட்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பனி விலகி வெயில் இதமாக அடித்தது. மாஸ்டர் சாப்பிட்ட கையோடு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். காதும் வந்திருந்தார், இழவு வீட்டுக்கு வந்தவர் போல ஓரமாக நின்றார். நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி ஏறியது! ஒரு சிணுங்கல் இல்லை, ஒரு குலுங்கல் இல்லை. மேலே போய்த் திரும்பி வந்து மறுபடியும் ஏறியது.

"ஏறுது மாஸ்டர்! ஏறுது!"

"ஏறுதே!" மாஸ்டருக்கு நம்ப முடியவில்லை.

காது கீழே இருந்து ஓடி வந்தார். முகத்தில் ஞானம் சொட்டியது. "புரிஞ்சு போச்சு மாஸ்டர். குளிரு! காலையில குளிர்ல கிளட்ச் இறுகிப் போவுது, பிடிக்க மாட்டேங்குது. மத்தியானம் வெயில்ல சரியாயிடுது. என் ஷெட்டுலயும் அடுப்பு எரியுது, அதான் அங்கேர்ந்து எடுத்துக்கிட்டுப் போனப்ப நல்லா ஓடிச்சு. குளிருதான் வியாதி!"

மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு தெளிவாக இருந்த விஷயம் இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

"தேர்வு எத்தனை மணிக்கு?" என்று காது கேட்டார்.

"புதன்கிழமை காலை எட்டு மணிக்கு" என்றார் நர்ஸம்மா. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "மத்தியானம் வைக்கச் சொல்லி மனு போட்டா?"

"அந்த இன்ஸ்பெக்டர்கிட்டயா? அவர் தன் கடிகாரத்தையே நம்பாம ரெண்டு கட்டற ஆளு."

ஆகவே கிளட்ச்சைச் சூடாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. காது கியர் ஆயிலை மாற்றி மெல்லிய ஆயில் ஊற்றினார். திங்கட்கிழமை ராத்திரி மாஸ்டர் வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்து வந்து பானெட்டைப் போர்த்தினார். செவ்வாய்க்கிழமை காலை வண்டி கதகதப்பாகத்தான் இருந்தது. மேட்டில் ஏறவில்லை. வீட்டில் அவர் மனைவி சேலையை மூணாக மடித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, நான் மனுஷியா, அந்தக் கார் மனுஷியா?"

"ஒரு நாள் பொறுத்துக்கோ. ஒரு நர்ஸோட வாழ்க்கை இதுல இருக்கு."

"இந்தக் குளிர்ல படுத்தா எனக்கும் ஒரு நர்ஸ் வேண்டியிருக்கும்."

கம்பளி போதாது என்று மாஸ்டர் முடிவு செய்தார். புதன்கிழமை விடியற்காலை படுக்கையறை ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மாடி ஜன்னல் வழியாக வயரை இறக்கி, ஹீட்டரை வண்டிக்கு முன்னால் வைத்து, சூடு வெளியே போகாமலிருக்க மேலே ஒரு போர்வையையும் இழுத்துவிட்டார். கையைத் தேய்த்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். அழகாக இருந்தது.

பத்தாவது நிமிடம் 'டப்' என்றது. வீடு இருண்டது. பக்கத்து வீடு இருண்டது. தெருவிளக்கு ஒரு முறை கண்ணடித்துவிட்டு அதுவும் போனது. இருட்டில் வெளிச்சமாகத் தெரிந்தது எரிந்துகொண்டிருந்த போர்வை மட்டும்தான்.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் டார்ச்சோடும் ஒரு வாளித் தண்ணீரோடும் இறங்கி வந்து ஊற்றினாள். போர்வையின் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இது எங்கக்கா நாலு மாசம் உக்காந்து பின்னினது" என்றாள். கத்தவில்லை. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது.

"நான் வேணும்னு..."

"பேசாதீங்க." மாடிக்குப் போனாள். ஹீட்டர் இல்லாத, விளக்கில்லாத வீட்டில் எதையோ உருட்டினாள். திரும்பி வரும்போது கையில் இன்னொரு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது. "இந்தாங்க. ஏற்கெனவே போட்ட ரெண்டுக்கு மேல இதையும் போடுங்க. கோவம் கோவமா இருக்கட்டும். இன்னிக்குத் திடல்ல நிக்கணும், கால் விறைச்சுடும்."

மூன்று ஜோடிக் காலுறைக்கு மேல் பூட்ஸை ஏற்ற அவளும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. இருபத்து நாலு வருடத்தில் தன்மேல் இவ்வளவு பாசமா என்று மாஸ்டருக்குக் கண் கலங்கியது.

*

தேர்வுத் திடலின் கடைசியில் ஒரு மேடு. அதன் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்து ஏற வேண்டும். அதில்தான் பாதிப் பேர் தோற்பார்கள்.

இன்ஸ்பெக்டர் குச்சி மாதிரி இருந்தார். இரண்டு கையிலும் கடிகாரம். பள்ளிக் காரில் தேர்வென்றால் மாஸ்டர் முன்னால், இன்ஸ்பெக்டர் பின்னால் என்பது அங்கே விதி. அடுத்த தேர்வு தையல்காரருக்கு என்பதால் அவரும் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக எல்லா நேரத்தையும் நர்ஸம்மாவே எடுத்துக்கொண்டதில் அந்த மனிதர் ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்கவில்லை. அது வேறு கதை.

நர்ஸம்மா ரிவர்ஸ் எடுத்தார். கூம்பு ஒன்றும் சாயவில்லை. சமதரையிலும் இறக்கத்திலும் வண்டி சொன்னபடி கேட்டது. வளைவில் திரும்பினார். இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மேட்டின் நடுவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்.

"எடுங்க."

ஃபர்ஸ்ட் கியர். எஞ்சின் உறுமியது. நர்ஸம்மா கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்து, முழுதாக எடுத்து, தூக்கியே விட்டார். வண்டி ஓர் அங்குலம் அசையவில்லை. இத்தனை நாள் நடுங்கவாவது செய்தது. இன்று அதுவும் இல்லை.

"காலை எடுங்க!" என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"எடுத்துட்டேன்!"

"என்ன வாடை இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குளிர் சார்" என்றார் மாஸ்டர். "காலைக் குளிர்ல கிளட்ச் பிடிக்கல. வண்டியோட தப்பு சார், அந்தம்மா தப்பில்ல."

"என் தேர்வு வண்டிக்கில்ல, ஓட்டறவங்களுக்கு. இன்னும் ரெண்டு வாய்ப்பு தர்றேன்."

இரண்டாம் முறையும் ஏறவில்லை. வண்டிக்குள் புகை சூழ்ந்தது. நர்ஸம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "பதினொரு வருஷம் சார்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். "அந்த வண்டி ஷெட்டுலயே நிக்குது சார்."

தையல்காரர் துடித்துப்போய் முன்னால் சாய்ந்தார். "ஐயா, நான் ஒரு வார்த்தை..."

"பின்சீட்டுக்கு..." என்று மாஸ்டர் பழக்கதோஷத்தில் திரும்பினார்.

பின்சீட்டில் இன்ஸ்பெக்டரும் இருப்பது அப்போதுதான் உறைத்தது. மாஸ்டர் மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மாஸ்டரை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "வண்டியில கனம் அதிகம். ஆளு கனமா இருக்கீங்க. இறங்குங்க. நான் முன்னால வந்து உக்காந்துக்கறேன். கடைசி வாய்ப்பு."

மாஸ்டர் அதிர்ந்துபோனார். பத்தொன்பது வருடத்தில் மாணவரைத் தேர்வின் நடுவில் விட்டுவிட்டு அவர் இறங்கியதே இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டார். மாஸ்டர் தொம்மென்று கீழே குதித்தார். இன்ஸ்பெக்டர் அவர் இடத்தில் ஏறி, மெல்லிய ஆபீஸ் ஷூ போட்ட காலை இருக்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

மாஸ்டர் வண்டிக்குப் பின்னால் ஓடினார். தள்ளியாவது விடுவோம் என்று டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"எடுங்க" என்ற குரல் உள்ளேயிருந்து கேட்டது.

அடுத்த நொடி மாஸ்டரின் கைக்கு முன்னால் வண்டி இல்லை. அவர் குப்புற விழுந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது கார் மேட்டின் உச்சியில், ஒழுங்காக, ஓரமாக, இண்டிகேட்டர் போட்டு நின்றுகொண்டிருந்தது.

மாஸ்டர் எழுந்து, உள்ளங்கை எரிய, பூட்ஸை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். மேலே நர்ஸம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையும் தும்மலுமாக நின்றார். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "பாஸ். இந்தக் குளிர்லயும் நல்லா எடுத்தீங்க."

"மாஸ்டர்! பாஸ்!" நர்ஸம்மா காகிதத்தை ஆட்டினார்.

மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்து போனது. "நான் ஒரு தள்ளு தள்ளினேன் பாருங்க சார், கிளட்ச் டக்குனு பிடிச்சுக்கிச்சு! பத்தொன்பது வருஷக் கை!"

"அது சரி, இந்த வண்டிக்கு என்னதான் கோளாறு?" என்ற இன்ஸ்பெக்டர், பின்சீட்டிலிருந்து இறங்கி நின்ற தையல்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

தையல்காரர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "சொல்லுங்க ஐயா. இப்பதான் நீங்க பின்சீட்டுல இல்லையே."

"நாங்க மிஷின் மிதிக்கறவங்க. யார் எதுல உக்காந்தாலும் கண்ணு முதல்ல காலுக்குத்தான் போகும்" என்று தையல்காரர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். நான் அதுவும் பாடத்துல ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

"எதுய்யா?"

தையல்காரர் குனிந்து அந்த பூட்ஸைக் காட்டினார்.

"மேட்டுல அந்தம்மா கிளட்ச்லேர்ந்து காலை எடுக்கறப்பல்லாம், நீங்க உங்க பக்கத்துக் கிளட்ச் மேல இதை அழுத்தி வச்சுக்கிட்டே 'காலை எடு, காலை எடு'ன்னு கத்துவீங்களே மாஸ்டர், அது."